ஒன்பதாம் திகதிக் காற்று

எழுவைதீவில் காற்றுக்கு நாலு பெயர் உண்டு. தென்மேற்கிலிருந்து வருவது சோளகம். வடகிழக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கச்சான். நடை பழகுகிற பிள்ளைகூட முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு இன்ன காற்று என்று சொல்லிவிடும். ஆனால் பூவில் வந்து குந்துகிற பூச்சிக்கு மட்டும் வண்ணாத்திப்பூச்சி என்ற ஒரே பெயர். கறுப்பும் அதுதான், மஞ்சளும் அதுதான். எண்பத்தாறாம் ஆண்டு தை மாதம் அங்கே படிப்பிக்கப் போன எனக்கு இது பெரிய குறையாகப் பட்டது. "உனக்கு எதுதான் குறையாப் படேல்லை, இராசமணி" என்று என் தமக்கை கேட்பாள்.

நான் வேலணையாள். புகையிலைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவள். திங்கட்கிழமை ஊர்காவற்துறையில் வள்ளம் ஏறினால் வெள்ளிக்கிழமைதான் வீடு திரும்புவேன். மற்ற நாட்களில் தங்கியது மரியநாயகம் வீட்டில். அவர் கடற்றொழில் செய்கிறவர். மனைவி ஞானசவுந்தரி, பத்து வயது மகள் றெஜினா, அவ்வளவுதான் குடும்பம். நான் போன அன்றே ஞானசவுந்தரி எனக்கென்று இரண்டு புதுச் சட்டி வாங்கிக் குசினியின் ஒரு மூலையில் வைத்துவிட்டாள். அந்தச் சட்டியில் முருங்கையிலையும் பருப்பும் சொதியும் தவிர வேறெதுவும் வேகாது. மீன் மணம் இல்லாத இடம் அந்த வளவில் கிடையாதுதான். இரண்டு மாதத்தில் என் மூக்கு தோற்றுப்போய்விட்டது.

மரியநாயகம் அதிகம் பேசமாட்டார். பேசினால் என்னைச் சீண்டுவதற்காகத்தான்.

"ரீச்சர், கடலிலயும் மரக்கறி இருக்கு. சாதாளை ஒரு பிடி அள்ளிக்கொண்டு வரட்டோ? சுண்டித் தின்னலாம்."

"நீங்கள் முதல் தின்னுங்கோ. நீங்கள் உயிரோட இருந்தா நான் யோசிக்கிறன்."

அவர் சிரித்துக்கொண்டு வலையைத் தோளில் போடுவார். இப்படி ஒரு வாயை வைத்துக்கொண்டு நான் அந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தேன்.

புரட்டாதி மாதம் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. சண்டைக் காலம். கடலில் தடை போடுவதும் எடுப்பதுமாக இருந்தது, வள்ளம் ஒழுங்காக ஓடவில்லை, வாசிப்புப் புத்தகங்கள் எங்கேயோ தேங்கிவிட்டன. அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மணல் பிட்டியில் கறுப்புப் பூச்சிகள் கூட்டமாக வந்தன. கறுப்புச் செட்டை, சிவப்புப் பொட்டு, சிவப்பு வயிறு. ஆடு தொடாத ஆடுதின்னாப்பாளைச் செடியில் முட்டையிட்டன. வேலியோரத்து நாயுண்ணிப் பூவில் தேன் குடித்தன. நாலாம் ஐந்தாம் வகுப்பில் இருந்த பதினாலு பிள்ளைகளையும் வெளியில் கூட்டிப்போனேன்.

ஒரு தாய் உடனே சண்டைக்கு வந்தாள். "செட்டைத் தூள் கண்ணில பட்டாப் பிள்ளை குருடாப் போகும், ரீச்சர்."

"தொடவிடமாட்டன். பாக்க மட்டும்தான்."

பழைய நிவாரணப் படிவங்கள் ஒரு கட்டு கிடந்தது. பின்பக்கம் வெறுமை. அவற்றை மடித்து, பிள்ளைகள் தங்கள் வீட்டு வலை நூலாலேயே தைத்துக் கொப்பி ஆக்கினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கட்டங்கள் போடச் சொன்னேன். திகதி. இடம். என்ன பூச்சி. என்ன செய்தது. கீழே ஒரு படம், அதற்குக் கீழே இரண்டு வரிப் பாட்டு.

றெஜினா கையை உயர்த்தினாள். "காத்துக்குக் கட்டம் இல்லையோ, ரீச்சர்?"

"பூச்சியைப் பற்றி எழுத ஏனடி காத்து?"

"காத்து எழுதாமல் என்னெண்டு, ரீச்சர்? அது எந்தப் பக்கத்தால வந்ததெண்டு பிறகு எப்பிடித் தெரியும்?"

மற்றப் பதின்மூன்று பேரும் என்னைப் பாவம் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். காற்றுக்கு ஒரு கட்டம் போட்டோம். உண்மையைச் சொன்னால் அந்தக் கட்டத்தை நான் ஒரு நாளும் வாசித்ததில்லை. எனக்கு அதில் ஞானமும் இல்லை. எழுத்தையும் படத்தையும் பாட்டையும் பார்த்துவிட்டு, பக்கத்தின் அடியில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். ஒரு சட்டம் மட்டும் இறுக்கமாக வைத்திருந்தேன். கண்டதை மட்டும் எழுத வேண்டும். காணாததை ஒரு வரி எழுதினாலும் பக்கத்தைக் கிழித்துத் திருப்பி எழுத வைப்பேன். 'பூச்சி என்னோடு கதைத்தது' என்று எழுதிய, மரியநாயகத்தின் கூட்டாளி யாகப்புவின் மகளுக்கு அப்படித்தான் செய்தேன். பிள்ளை அழுதாள்.

பூச்சிகள் சில நாள் நின்றுவிட்டு, ஒரு காலை எழும்பி மேற்குக் கடலுக்கு மேலால் போகத் தொடங்கின. அலைக்கு இரண்டு முழம் உயரத்தில், ஒன்றன் பின் ஒன்றாக. றெஜினா இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தாள்.

"கடலுக்க போற பூச்சி எங்க போய் இறங்கும், ரீச்சர்?"

"அக்கரையில. இந்தியாவில."

"போய்ச் சேருமோ?"

"சேராமலோ வருசம் வருசம் போகுது?"

காணாததைச் சொல்ல அப்போது எனக்கு வாய் கூசவில்லை.

ஐப்பசி ஒன்பதாம் திகதி, வியாழக்கிழமை. மரியநாயகத்தோடு வழக்கமாகத் தொழிலுக்குப் போகிற யாகப்புவுக்கு அன்று காய்ச்சல். மேற்கே போட்ட நண்டு வலையைத் தூக்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்று மரியநாயகம் தனியாகப் போனார். பிற்பகல் நான் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போய்க் கொப்பி எழுத வைத்தேன். றெஜினாவும் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தாள். பொழுது பட்டும் வள்ளம் வரவில்லை.

அடுத்த நாள் ஊரில் இருந்த ஏழு வள்ளமும் தேடிப் போயின. நாலு நாள் தேடினார்கள். ஒரு மிதப்புக் கட்டைகூடக் கிடைக்கவில்லை. நான் அந்த வெள்ளிக்கிழமை வேலணைக்குப் போனேன். போக மனமில்லை, ஆனால் நின்று என்ன செய்வது என்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை திரும்பும்போது ஊர்காவற்துறைக் கடையில் பதினாலு பச்சை மைப் பேனை வாங்கி வந்தேன். அதுவரை பிள்ளைகள் பென்சிலால்தான் எழுதினார்கள். றெஜினாவின் கையில் ஒன்றைக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி மூடியைத் திறந்து, திரும்பவும் மூடினாள். அதற்குப் பிறகு கொப்பி எழுதும் பேச்சை நான் எடுக்கவில்லை. கொப்பிகள் அவரவர் வீட்டில் கிடந்தன.

ஞானசவுந்தரி அழுததை நான் காணவில்லை. மூன்று பேருக்குப் புட்டு அவித்தாள், பிறகு நாலாவது கோப்பையையும் கழுவி வைத்தாள். எனக்குரிய சட்டியில் கீரை வெந்துகொண்டேயிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

கார்த்திகை எட்டாம் திகதி, மரியநாயகம் போன முப்பத்தோராம் நாள். அதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழன் பின்னேரம், மரியநாயகத்தின் தமையன் சவிரிமுத்து வந்தார். யாகப்புவும் இன்னும் நாலைந்து ஆண்களும் கூட வந்தார்கள். எல்லாரும் என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் தகப்பன்மார், பாட்டன்மார். முற்றத்தில் பாய் விரித்து இருந்தார்கள். எனக்கு மட்டும் கதிரை.

சவிரிமுத்து ஞானசவுந்தரியிடம் மெதுவாகச் சொன்னார். "பிள்ளை, சனிக்கிழமை சுவாமியார் வாறார். முப்பத்தோராம் நாள் பூசையைச் செய்விப்பம். அவன்ர ஆத்துமம் அந்தரிக்கக் கூடாது."

பூசை என்றால் பூசை மட்டும் அல்ல. ஞானசவுந்தரி தாலியைக் கழற்ற வேண்டும், வெள்ளை உடுக்க வேண்டும். மரியநாயகம் இறந்துவிட்டார் என்று ஊரும் கோயிலும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மகள் கூப்பிடுகிற முறையிலேயே ஞானசவுந்தரியும் சவிரிமுத்துவைக் கூப்பிடுவாள். "பெரியப்பா, நான் வெள்ளை உடுத்துக்கொண்டு நிக்க அவர் வந்து வாசலில நிண்டா நான் என்ன செய்யிறது?"

"வாறதெண்டா வந்திருப்பான், பிள்ளை. மிசின் நிண்டா வள்ளம் காத்தோடதான் போகும். அண்டைக்குச் சோளகம். சோளகம் தள்ளினாக் காரைநகர்க் கரைக்குத்தான் கொண்டுபோயிருக்கும். அங்கை ஒரு பலகையும் ஒதுங்கேல்லை. அப்ப வள்ளத்தோட கடலுக்க தாண்டு போனான் எண்டுதானே அர்த்தம்?"

"வாடையா இருந்தா?"

"வாடையெண்டா ராமேசுவரப் பக்கம் போயிருப்பான். போய் ஒதுங்கின ஆக்களும் இருக்கினம். அங்கையிருந்து ஒரு சேதி வர ஆறேழு மாசம் செல்லும். ஆனா அண்டைக்கு வாடை இல்லையே, பிள்ளை."

யாகப்பு தலையை ஆட்டினான். "சோளகம்தான். நான் காய்ச்சலோட படுத்திருந்து கூரை அடிபடுறதைக் கேட்டனான்."

ஞானசவுந்தரி எழுந்து உள்ளே போனாள். றெஜினாவின் கொப்பியோடு வந்தாள். ஒரு பக்கத்தைத் திறந்து சவிரிமுத்துவின் மடியில் வைத்தாள்.

"பிள்ளை எழுதி வைச்சிருக்கிறாள். பாருங்கோ. ஒன்பதாம் திகதி. காத்து, வாடை."

கொப்பி கை மாறி மாறிப் போனது. ஒருவரும் பூச்சியைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்க்கவில்லை, பாட்டை வாசிக்கவில்லை. ஒவ்வொருவரும் அந்த ஒரு கட்டத்தில் விரலை வைத்து வாசித்து அடுத்தவரிடம் கொடுத்தார்கள். கடைசியில் அது சவிரிமுத்துவிடம் திரும்பி வந்தது. அவர் அந்தக் கட்டத்தை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்தார். கதவுக்குப் பின்னால் றெஜினா நின்றாள்.

"ரீச்சர், பிள்ளையள் கண்டதை மட்டும்தானே எழுதுறவை?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம். அதுதான் என்ர சட்டம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப எனக்குத்தான் மறதி போல. வயசும் போகுது" என்றார் சவிரிமுத்து. "பூசையைப் பிறகு பாப்பம், பிள்ளை. சேதி வாறதுக்குப் பொறுத்திருப்பம்."

யாகப்பு வாயைத் திறந்தான். சவிரிமுத்து அவனைப் பார்த்தார். அவன் மூடிக்கொண்டான்.

அன்றிரவு ஞானசவுந்தரி பனங்கிழங்கு ஒடியலில் கூழ் காய்ச்சினாள், ஒரு மாதத்துக்குப் பிறகு. எனக்கு மீன் போடாமல் தனியாக. மறுநாள் விடியக் கொப்பி மேசையில் கிடந்தது. சும்மா எடுத்துப் புரட்டினேன். ஆறாம் திகதி, ஏழாம் திகதி, எட்டாம் திகதி, எல்லாம் பென்சில். ஒன்பதாம் திகதிப் பக்கம் மட்டும் பச்சை மை.

அந்த மை ஒன்பதாம் திகதி அந்தத் தீவில் இல்லை. நான் அதைப் பதின்மூன்றாம் திகதிதான் கொண்டுவந்தேன்.

றெஜினா கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். கொப்பியை விரித்துக் காட்டினேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"எப்ப எழுதினனீ?"

"பிறகு."

"அண்டைக்கு நீ காய்ச்சலில படுத்திருந்தனீ. வெளியில வரவே இல்லை. பிறகென்னெண்டு வாடை எண்டு எழுதினனீ?"

அவள் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

"வாடையெண்டா அப்பா அக்கரைக்குப் போயிருப்பார் ரீச்சர். பூச்சி போன பக்கம். நீங்கள்தானே சொன்னனீங்கள், அது போய்ச் சேரும் எண்டு."

கொப்பியை மூடினேன். யார் மேல் கோபம் என்று தெரியாமலே கோபம் வந்தது. பிள்ளை மேல் வந்தது, என் மேல் வந்தது. ஒரு பொய்யை அடுப்பில் வைத்து ஒரு பெண் ஆறு மாதம் ஊதிக்கொண்டிருக்கப் போகிறாளே என்று வந்தது. நம்பி நம்பித் தேய்வதைவிட ஒரு தரம் அழுது முடிப்பது மேல் என்று நான் நினைத்தேன். எனக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அப்படி நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும், வள்ளத்துக்குப் போகிற வழியில் சவிரிமுத்துவிடம் போனேன். அவர் பூவரச நிழலில் காலை நீட்டி, பெருவிரலில் வலையை மாட்டிப் பொத்துக் கண்களை முடிந்துகொண்டிருந்தார்.

"அண்ணை, அந்தப் பக்கம் பிந்தி எழுதினது. பிள்ளை காணாததை எழுதியிருக்கிறாள்."

அவர் ஊசியை நிறுத்தவில்லை. "அப்பிடியோ?"

"மை மாறியிருக்கு. அவளே ஒப்புக்கொண்டிட்டாள். இதை இப்பிடியே விட ஏலாது. அந்த மனுசி வீணாக் காத்துக்கொண்டெல்லோ இருக்கப் போகுது?"

"உங்களுக்குக் காத்துத் தெரியுமோ, ரீச்சர்?"

"தெரியாது. அதுக்குத்தான் மற்றப் பிள்ளையளின்ர கொப்பியள் இருக்கு. பதின்மூண்டு பேர் அண்டைக்கு என்னோட கரையில நிண்டு எழுதினவை. திங்கக்கிழமை எல்லாத்தையும் எடுப்பிச்சுப் பாக்கிறன். என்ன காத்தெண்டு அதில இருக்கும்."

இப்போது ஊசி நின்றது. அவர் கடலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓம். அதுவும் சரிதான்" என்றார். "திங்கக்கிழமை பாருங்கோ. வள்ளம் வெளிக்கிடப் போகுது, ஓடுங்கோ."

சனியும் ஞாயிறும் வேலணையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீன் மணம் இல்லாத வீடு வெறுமையாக இருந்தது என்று சொன்னால் என் தமக்கை என்னை வீட்டை விட்டுத் துரத்துவாள்.

திங்கட்கிழமை பதின்மூன்று கொப்பியும் மேசைக்கு வந்தன. பிள்ளைகள் வழக்கத்துக்கு மாறாகச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போய்க் குந்தினார்கள். முதல் கொப்பியைத் திறந்தேன். ஒன்பதாம் திகதி. காற்று: வாடை.

ஒரு கணம் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிள்ளை குத்துமதிப்பாக எழுதியது சரியாய்ப் போயிற்றே என்று நினைத்தேன். பிறகுதான் கடதாசியைப் பார்த்தேன்.

அந்தக் கட்டம் அழித்து எழுதப்பட்டிருந்தது. றப்பர் தேய்த்த இடம் ஊத்தையாக இருந்தது. அழிந்த பென்சிலின் தடத்தில் 'சோளகம்' என்பது தெரிந்தது. மேலே எழுதியிருந்தது பிள்ளையின் கையெழுத்து அல்ல.

இரண்டாவதிலும் அப்படி. மூன்றாவதில் தேய்த்த தேய்ப்பில் கடதாசியே ஓட்டையாகி, பின்னால் ஒரு துண்டு ஒட்டி அதில் எழுதியிருந்தது. ஒன்றில் யாரோ எச்சில் தொட்டு அழித்திருந்தார்கள். சவிரிமுத்துவின் பேத்தியின் கொப்பியில் அந்த ஒரு சொல் நடுங்கி நடுங்கி, கட்டத்துக்கு வெளியிலும் போயிருந்தது. அவர் பேனை பிடித்து எத்தனை வருடமோ. யாகப்பு தன் மகளின் கொப்பியில் கட்டத்தைச் சரியாகத் திருத்திவிட்டுக் கீழே இருந்த பாட்டைக் கவனிக்கவில்லை. 'சோளகம் தள்ளுது சின்னப் பூச்சி, செட்டையை மடிக்குது பாவம் பூச்சி' என்று அது அப்படியே கிடந்தது.

வியாழக்கிழமை முற்றத்தில் இருந்து அந்தக் கொப்பியை விரல் வைத்து வாசித்தவர்கள் எல்லார் வீட்டிலும் ஒரு கொப்பி இருந்தது. மற்ற வீடுகளுக்குச் சவிரிமுத்து சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அன்றைக்கு என்ன காற்று என்று அவர்களில் ஒருவருக்கும் ஐயமே இருக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளையைக் கண்டதும் எல்லாருக்கும் ஒன்றாக மறதி வந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் ஞாபகம் தேவைப்பட்டது.

றெஜினா முதல் வரிசை வாங்கில் குந்தியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனையை எடுத்தேன். முதல் கொப்பியில் அந்தப் பக்கத்தின் அடியில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அடுத்ததிலும் வைத்தேன். பதின்மூன்றையும் முடித்துவிட்டு, "றெஜினா, உன்ர கொப்பி எங்கை?" என்று கேட்டு வாங்கி, பச்சை மைப் பக்கத்திலும் வைத்தேன். யாகப்புவின் மகளைக் கூப்பிட்டு, பாட்டு நல்லாயிருக்கிறது என்றேன். பூச்சி கதைத்ததென்று எழுதியதற்கு முன்பு கிழித்த பக்கத்துக்கு அது ஈடாகாது என்று எனக்குத் தெரியும்.

சேதி ஒன்றும் வரவில்லை. மார்கழியில் நத்தார்த் திருநாள் வந்து போனது. சித்திரையில் பாஸ்குத் திருநாள் வந்து போனது. யார் வள்ளம் கரைக்கு வந்தாலும் முதல் மீன் அந்த வீட்டுக்குப் போனது. ஒருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. றெஜினா கொப்பியைத் தொடவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வைகாசியில் சோளகம் திரும்பியது. ஓலைக் கூரை இரவிரவாக அடிபட்டது. அந்தக் கிழமை ஞானசவுந்தரி தானாகவே சுவாமியாரிடம் போய்ப் பூசைக்குச் சொன்னாள். பூசைக்கு முதல் நாள் குசினியில் எனக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தாலி கழுத்தில் இருந்த கடைசி நாள்.

"அண்டைக்கு நான் முத்தத்தில கருவாடு காயப் போட்டனான், ரீச்சர்" என்றாள். "ஓலையைத் தென்மேற்காலதான் மறைச்சுக் கட்டினனான். எனக்குத் தெரியாதோ என்ன காத்தெண்டு?"

"பிறகேன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தனீர்?"

"பிள்ளை ஒளிச்சிருந்து எழுதினதைக் கண்டனான். அவள் தேப்பனை உயிரோட வைச்சிருக்க நினைக்கேக்க, நான் வெள்ளை உடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால நிக்கிறதோ? எனக்கும் கொஞ்ச நாள் வேணுமாயிருந்தது." கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். "ஊர் எனக்கு ஏழு மாசம் தந்தது, ரீச்சர். ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

அப்போதுதான் அவள் அழுதாள். நான் பக்கத்தில் இருந்து அந்தக் கீரையை ஆய்ந்து முடித்தேன்.

பூசை முடிந்த அடுத்த நாள் காலையில் மேசை மேல் றெஜினாவின் கொப்பி இருந்தது. புதுப் பக்கம், பச்சை மை.

திகதி போட்டிருந்தாள். காற்று: சோளகம். இடம்: மேற்குக் கரை. என்ன பூச்சி: ஒன்றும் இல்லை. படம் வரைகிற இடத்தில் கடல் மட்டும் ஒரு கோடாக இருந்தது. அதற்குக் கீழே இரண்டு வரி.

*கடல் பெரிசு, பூச்சி சின்னன்.*
*போனது திரும்பேல்லை, நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.*

வெளியே அவள் தாயோடு சேர்ந்து கருவாட்டுக்கு ஓலை மறைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள், தென்மேற்குப் பக்கமாக. அந்தக் காற்றுக் கட்டத்தை நான் முதலில் வாசித்தேன். பிறகு அடியில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.